மியூசிக்கல் ஓடுவதற்கு சினிமா முகம் கட்டாயமா? பிராட்வே, வெஸ்ட் எண்ட் கணக்குகள்

#1 கூடநிறைவு

ஒரு மியூசிக்கல் (பாட்டும் நடனமுமாகக் கதை சொல்லும் மேடை நாடகம்) காசு பார்க்க வேண்டுமென்றால் போஸ்டரில் சினிமா முகம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்குக் காட்டும் சாட்சி 2025 வசந்தகாலத்தில் பிராட்வே, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள். ஜார்ஜ் க்ளூனி மேடையேறிய ‘குட் நைட், அண்ட் குட் லக்’ ஒரே வாரத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லன்ஹாலும் நடித்த ‘ஒதெல்லோ’வில் நல்ல இருக்கை 921 டாலருக்குப் போனது.

இரண்டும் வசன நாடகங்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. வசன நாடகத்துக்கு நட்சத்திரம் மூன்று, நான்கு மாதம் கால்ஷீட் கொடுத்தால் போதும். அவர் கிளம்பும் நாளிலேயே செட்டைப் பிரித்துவிடலாம், அதற்குள் போட்ட முதல் தேறியிருக்கும். மியூசிக்கலில் மேடையில் 20, 30 பேர். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் குழியில், பெரிய அரங்கென்றால், சங்க ஒப்பந்தப்படி 18, 19 வாத்தியக்காரர்கள். விக், உடுப்பு, ஒலி, தானியங்கி செட், இவற்றுக்கான ஆட்கள் வேறு. முதலீடே ஒன்றரை முதல் இரண்டரை கோடி டாலர். நாலு மாதத்தில் இதைத் திருப்பி எடுப்பது அபூர்வம்.

என் கருத்து இது: நட்சத்திரம் கொண்டுவருவது முன்பதிவு. ஓட்டத்தைக் கொண்டுவருவது பாட்டும் கதையும் பார்த்துவிட்டுப் போனவர்களின் வாய்ச்சொல்லும். இரண்டையும் ஒன்றாக நினைத்த தயாரிப்புகள்தான் ஆறாம் மாதம் மூடப்படுகின்றன. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எண்களோடு வாருங்கள்.

#2 வரவுசெலவு

எண்கள் கேட்டீர்கள், இதோ. இது எந்த நிஜத் தயாரிப்பும் இல்லை, கணக்கு விளங்குவதற்கான மாதிரி.

அரங்கு 1,300 இருக்கை. வாரம் 8 காட்சி. ஆக 10,400 டிக்கெட். முதலீடு 1.8 கோடி டாலர். நிலையான வாரச் செலவு (சம்பளம், விளம்பரம், வாடகை அடிப்படை, கருவி வாடகை எல்லாம் சேர்த்து) 8.5 லட்சம். இதுபோக வசூலில் சதவீதமாகப் போவது: கார்டு, ஏஜென்சி கமிஷன், அரங்க உரிமையாளர் பங்கு, எழுத்தாளர், இசையமைப்பாளர், இயக்குநர் ராயல்டி. மொத்தமாக 17 சதவீதம் என்று வைப்போம்.

அ) நட்சத்திரம் இல்லை, சுமாரான பேச்சு. 90 சதவீதம் நிரம்புகிறது, சராசரி டிக்கெட் 115 டாலர். வசூல் 10.76 லட்சம். 17 சதவீதம் கழித்து, வாரச் செலவையும் கழித்தால் மிஞ்சுவது 43,000 சொச்சம். இந்த வேகத்தில் முதல் தேற எட்டு வருடம். அதாவது தேறாது.

ஆ) நட்சத்திரம் இருக்கிறார். 98 சதவீதம், சராசரி 175 டாலர். வசூல் 17.84 லட்சம். அவருக்கு வசூலில் 8 சதவீதம், அதாவது 1.43 லட்சம். கார், பாதுகாப்பு, தனி உதவியாளர் என்று 15,000. எல்லாம் போக வாரம் 4.73 லட்சம் நிற்கிறது. 26 வாரத்தில் 1.23 கோடி. அற்புதம்தான், ஆனால் முதலில் இன்னும் 57 லட்சம் பாக்கி.

இ) 27ஆம் வாரம், அவர் போய்விட்டார். ஊரெல்லாம் இதை “அவர் நடிக்கும் நாடகம்” என்று பழகிவிட்டது. 75 சதவீதம், சராசரி 95 டாலர். வசூல் 7.41 லட்சம். வாரத்துக்கு 2.35 லட்சம் நஷ்டம். பத்து வாரம் பிடிவாதமாக ஓட்டினால் 23 லட்சம் கரையும்.

ஈ) நட்சத்திரமே இல்லை, ஆனால் பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்கிறார்கள். 98 சதவீதம், சராசரி 130 டாலர். வசூல் 13.25 லட்சம், மிச்சம் 2.5 லட்சம். 72 வாரத்தில் முதல் தேறிவிடும். அதன்பின் வருவதெல்லாம் லாபம்.

ஆ-வும் ஈ-யும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. முதல் அரை வருடம் ஆ இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறது. கோட்டைத் தொடுவது ஈ.

#3 ஆறாம்வரிசை

கணக்கு சரி, ஆனால் நீங்கள் ஈ-யைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எந்தத் தயாரிப்பாளருக்கும் தொடங்கும்போது தன் நாடகம் அ-வா ஈ-யா என்று தெரியாது. முதல் எட்டு வாரம் டிக்கெட் யார் வாங்குவார்? வாய்ச்சொல் பரவவே நேரம் வேண்டும். அதுவரை கல்லாவில் காசு விழ வேண்டும்.

2017இல் மேடையேறிய ‘ஹலோ, டாலி!’ பெட் மிட்லர் பெயரை வைத்து டிக்கெட் திறந்த முதல் நாளே 90 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. பழைய நாடகத்தின் மறுமேடையேற்றம். அவர் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் எங்கிருந்து வரும்? 2022இல் ‘தி மியூசிக் மேன்’, ஹ்யூ ஜாக்மன், வாரத்துக்கு 30 லட்சத்தைத் தாண்டிய வாரங்கள் உண்டு. அதே வருடம் ‘ஃபன்னி கேர்ள்’ ஏப்ரலில் திறந்து கோடையில் இறங்கு முகமாக இருந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி லியா மிஷேல் நாயகியாக வந்தார். அதே செட், அதே பாட்டு, அதே இயக்குநர். வசூல் ஏறி வாரம் 20 லட்சத்தைத் தொட்டது. ஆளை மாற்றியதற்கே இவ்வளவு வித்தியாசம் என்றால் “நட்சத்திரம் ஓட்டத்தைக் கொண்டுவராது” என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

#4 கூடநிறைவு

நல்ல உதாரணங்கள். மூன்றும் மறுமேடையேற்றங்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய நாடகத்துக்குக் கதை தெரியும், பாட்டு தெரியும், “இப்போது ஏன் போக வேண்டும்?” என்ற ஒரே கேள்விக்குத்தான் பதில் வேண்டும். அந்தப் பதில் நட்சத்திரம். இந்த வகைக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். ‘ஹலோ, டாலி!’ 1964இல் கேரல் சானிங்கோடு தொடங்கியபோதே தயாரிப்பாளர் டேவிட் மெரிக் இந்த வித்தையைச் செய்தார்: சானிங் போனபின் ஜிஞ்சர் ராஜர்ஸ், மார்த்தா ரே, பெட்டி கிரேபிள், 1967இல் முழுக் கறுப்பினக் குழுவோடு பேர்ல் பெய்லி, கடைசியில் எத்தல் மெர்மன். 2,844 காட்சி ஓடியது. அங்கே பாத்திரமே ஒரு சிம்மாசனம்; உட்காரும் ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம்.

2017 தயாரிப்பில், 2018 ஜனவரியில் மிட்லர் இறங்கி பெர்னடெட் பீட்டர்ஸ் ஏறினார். பீட்டர்ஸ் மேடை ரசிகர்கள் கொண்டாடும் பெயர். அப்படியும் வசூல் கணிசமாக இறங்கியது, கடைசி ஆறு வாரத்துக்கு மிட்லரையே திரும்பக் கூட்டிவந்துதான் 2018 ஆகஸ்டில் முடித்தார்கள். ‘ஃபன்னி கேர்ள்’ லியா மிஷேலோடு 2023 செப்டம்பர் 3இல் மூடியது, அவருக்குப் பிறகு யாரையும் போடவில்லை. இதிலிருந்து எனக்குப் புரிவது, அந்த வசூல் அவர்கள் கூடவே வந்தது, கூடவே போனது.

இன்னொன்று. லியா மிஷேல் பெரிய சினிமா நட்சத்திரம் இல்லை. அந்தப் பாட்டுகளைத் தொலைக்காட்சித் தொடரில் பாடி, “இவர் இந்த வேடத்தைக் கட்ட வேண்டும்” என்று வருடக்கணக்கில் ரசிகர்கள் காத்திருந்தவர். ஆளும் வேடமும் பொருந்தியதற்கு விழுந்த காசு அது. சும்மா முகம் தெரிந்தவரைப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

#5 வரவுசெலவு

புதிய நாடகங்களின் பக்கம் பாருங்கள். ‘தி லயன் கிங்’ 1997 நவம்பரில் திறந்தது. பிராட்வே வரலாற்றிலேயே அதிக வசூல். போஸ்டரில் ஒரு நடிகர் முகமும் இல்லை. ‘விக்கட்’ 2003இல் 1.4 கோடி முதலீடு, 14 மாதத்தில் திரும்பியது. இடினா மென்சல், கிறிஸ்டின் செனோவெத் இருவரும் அப்போது மேடைக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவே. அவர்கள் போன பிறகு, மென்சல் கட்டிய எல்ஃபாபா வேடத்துக்கே எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள்.

‘ஹாமில்டன்’தான் எனக்கு மிகத் தெளிவான சாட்சி. 2016 ஜூலை 9 அன்று, அதை எழுதி இசையமைத்து நாயகனாகவும் நடித்த லின்-மானுவல் மிராண்டா, லெஸ்லி ஓடம் ஜூனியர், பிலிப்பா சூ மூவரும் ஒரே நாளில் விலகினார்கள். அதற்குள் மிராண்டா நாடறிந்த பெயர். வசூல் சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதே வருடம் நவம்பர் நன்றி நவிலல் வாரத்தில், அவர் மேடையில் இல்லாமலே, 8 காட்சிக்கு 33 லட்சம் டாலர். எட்டுக் காட்சி வாரத்தில் 30 லட்சத்தைத் தாண்டிய முதல் நாடகம் அதுதான்.

கொரோனாவுக்குப் பின் முதல் தேறிய புது மியூசிக்கல்களில் ‘சிக்ஸ்’, ‘எம்ஜே’, ‘& ஜூலியட்’ மூன்றும் உண்டு. மூன்றிலும் சினிமா நட்சத்திரம் இல்லை. இரண்டில் பார்க்க வருகிறவருக்குப் பாட்டு முன்பே தெரியும், ஒன்றில் கதை முன்பே தெரியும். தெரிந்த பெயர் ஏதோ ஒன்று வேண்டும் என்பது உண்மை. அது நடிகர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

#6 பின்மேடை

நீங்கள் எல்லாரும் விற்பனைப் பக்கமே பேசுகிறீர்கள். நட்சத்திரம் ஒருவரை ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்துக்குள் இறக்குவது எப்படி, எங்கே உடைகிறது என்பதைச் சொல்கிறேன். எல்லா நாடகத்திலும் இது முடியாது.

இதற்கென்றே செய்தது போன்ற நாடகம் ‘சிகாகோ’. 1996 மே மாதம் நியூயார்க் சிட்டி சென்டரின் என்கோர்ஸ் வரிசையில் கச்சேரி வடிவில் வந்து, நவம்பர் 14 அன்று பிராட்வேயில் திறந்தது. இசைக்குழு மேடையிலேயே உட்கார்ந்திருக்கும். உடுப்பு எல்லாம் கறுப்பு. நகரும் செட் கிடையாது. இதன் பொருள், புதிதாக வருபவர் தலைமேல் இறங்கும் எதையும், காலடியில் நகரும் எதையும் பயப்பட வேண்டாம். பெரிய செட் நாடகத்தில் பாதி ஒத்திகை நேரம் பாதுகாப்புக்கே போய்விடும்.

வேடங்களைப் பாருங்கள். சிறைக் கண்காணிப்பாளரான மேட்ரன் ‘மாமா’ மார்ட்டன் என்ற பெண் வேடத்துக்கு ஒரு தனிப்பாட்டு, ஒரு ஜோடிப்பாட்டு, நடனம் இல்லை. வக்கீல் பில்லி ஃபிளினின் முதல் பாட்டில் அவர் நடுவில் நிற்பார், இறகு விசிறியோடு நடனக்காரர்கள் அவரைச் சுற்றி வேலை செய்வார்கள். ராக்ஸிக்கு நடனம் உண்டு, ஆனால் ஆளின் திறனுக்கேற்பச் சுருக்க முடியும். வெல்மா மட்டும் நடனம் தெரியாதவருக்குக் கொடுக்கக்கூடாத வேடம். மெலனி கிரிஃபித் 2003இலும் பமேலா ஆண்டர்சன் 2022இல் எட்டு வாரமும் ராக்ஸியாக வந்தார்கள், அஷர் 2006இல் பில்லியாக. வெண்டி வில்லியம்ஸ் 2013இல் மார்ட்டன். எல்லாம் குறுகிய கால ஒப்பந்தம்.

நடைமுறை இப்படி. இரண்டு அல்லது மூன்று வாரம் ஸ்டுடியோவில் ஒத்திகை: துணை இயக்குநர், நடனத் தலைவர், மேடை நிர்வாகி, ஒரு பியானோ. மற்ற நடிகர்கள் இருக்க மாட்டார்கள், அவர்கள் ராத்திரி காட்சி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மேடையின் முன்விளிம்பில் நடுவை 0 என்று வைத்து இருபுறமும் 2, 4, 6 என்று எண் ஒட்டியிருக்கும். ஸ்டுடியோத் தரையிலும் அதே எண்களை டேப்பில் ஒட்டிப் பழக்குவார்கள். கடைசியில் ஒரே ஒரு ‘புட்-இன்’: முழுக்குழு, நிஜ மேடை, நிஜ ஒளி. புது ஆள் மட்டும் முழு உடுப்பில், மற்றவர்கள் தங்கள் சொந்த உடையில். பெரும்பாலும் அதுதான் அவர் எல்லாரோடும் சேர்ந்து ஆடும் முதல் தடவை. அடுத்தது ரசிகர் முன்னால்.

எங்கே உடையும்? குரலில். சினிமாக்காரருக்கு நாளுக்கு இரண்டு நிமிடக் காட்சியைப் பத்து டேக் எடுத்துப் பழக்கம். இங்கே வாரம் எட்டு முறை, அதில் இரண்டு நாள் இரண்டு காட்சி. மூன்றாம் வாரம் தொண்டை கட்டும். அதனால்தான் ஒப்பந்தம் போடும்போதே வாரம் ஒரு காட்சியை மாற்று நடிகைக்கு எழுதிவிடுகிறார்கள்: ‘ஃபன்னி கேர்ள்’இல் வியாழக்கிழமை ஜூலி பென்கோ, ‘ஹலோ, டாலி!’யில் செவ்வாய்க்கிழமை டோனா மர்ஃபி. முன்கூட்டியே அறிவித்துவிட்டால் ரசிகர் தெரிந்தே வாங்குகிறார், பணம் திருப்பும் தகராறு இல்லை.

#7 சுருதிபேதம்

பின்மேடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதை வெளியே யாரும் பேசுவதில்லை. நட்சத்திரத்துக்காகச் சுருதியை இறக்குவது.

“ஒன்றரைக் கட்டை இறக்கினால் போதும்” என்று சொல்லிவிடுவார்கள். பாடகருக்கு அது ஒரு வார்த்தை. குழியில் அது ஒரு வார வேலை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாள் மறுபடி எழுதி அச்சடிக்க வேண்டும். வயலினின் கடைசித் தந்தி ஜி, அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது. மூலத்தில் அந்த ஜி-யிலேயே நின்ற வரி மூன்று அரைச்சுரம் இறங்கினால் வயோலாவுக்கோ செல்லோவுக்கோ மாற்ற வேண்டும், நாதம் மாறிவிடும். கித்தாரில் திறந்த தந்தியை நம்பி எழுதிய மீட்டல் புதிய சுருதியில் விரலுக்கு வராது. கீபோர்டில் பதிவு செய்து வைத்த ஒலிகள், கிளிக் டிராக்கோடு (காதுக்குள் தாளம் தட்டும் பதிவு) ஓடும் பின்னணிக் குரல்கள் எல்லாவற்றையும் திரும்பத் தயாரிக்க வேண்டும்.

கோரஸ் சேர்ந்து பாடும் இடம் இன்னும் கஷ்டம். நாயகிக்கு வசதியாக இறக்கினால் பேஸ் பாடுகிறவர் தரைக்குக் கீழே போவார். அதனால் தனிப்பகுதியை மட்டும் இறக்கி, கோரஸ் நுழையும் இடத்துக்கு முன் நாலு தாள அளவுக்கு (பார்) ஓர் இணைப்பு எழுதி மூலச் சுருதிக்கு ஏற்றுவார்கள். அந்த இணைப்பு கொஞ்சம் அவசரமாக எழுதியிருந்தால் காது உடனே கண்டுபிடிக்கும். பாட்டு உயர வேண்டிய இடத்தில் தடுக்கும். எட்டு வாரத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால் இத்தனையும் செய்து, அவர் போனதும் பழைய தாள்களைத் திரும்ப வைக்க வேண்டும்.

#8 தேம்சுக்கரை

வணக்கம். நியூயோர்க் கணக்கை அப்பிடியே லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்குகளுக்கு எடுக்கேலாது. இஞ்ச தயாரிப்புச் செலவு குறைவு; அதாலை நீண்ட ஓட்டம் இன்னும் லேசு. ரிக்கெற் விலைக்குள்ளை 20 வீத வாட் வரி இருக்கு எண்டதையும் மறக்கக் கூடாது, அந்தக் காசு தயாரிப்பாளரின்ரை கைக்கு வராது.

நட்சத்திரம் இல்லாமல் விக்கிறதை ஒரு கலையாக்கினவை லண்டன்காரர்தான். ‘கட்ஸ்’ 1981 மே 11 திறந்தது. ஒத்திகையிலை ஜூடி டென்ச்சுக்குக் குதிகால் தசைநாண் அறுந்து போச்சு, கடைசி நேரத்திலை எலேன் பேஜ் வந்து அந்த வேடத்தைக் கட்டினா. அப்ப ஆற்றை பேரை நம்பி ரிக்கெற் வித்திருப்பினம்? சுவரொட்டியிலை இருந்தது கறுப்பிலை ரெண்டு மஞ்சள் பூனைக் கண், அவ்வளவுதான். 21 வருசம், 8,949 காட்சி. ‘லே மிசராப்ளு’க்கு ஒரு சின்னப் பிள்ளையின்ரை முகம், ‘தி ஃபான்ரம் ஒஃப் தி ஒப்பெரா’வுக்கு ஒரு வெள்ளை முகமூடி. நடிகர் ஆர் மாறினாலும் அந்தப் படம் மாறாது.

பிறகு 2006இலை ‘கட்ஸ்’ இசையமைப்பாளர் அன்ரூ லொயிட் வெபர் வேறை வழி பிடிச்சார். ‘தி சவுண்ட் ஒஃப் மியூசிக்’கிற்கு முதலிலை ஸ்கார்லெற் ஜோஹான்சனோடை கதைச்சுப் பார்த்தவை, சரிவரேல்லை. பிபிசியிலை போட்டி நிகழ்ச்சி வைச்சு, சனம் வாக்குப் போட்டு, ஆருக்கும் தெரியாத கொனி ஃபிஷரைத் தெரிவு செய்தினம். நவம்பரிலை பலேடியத்திலை திறக்க முதலே முன்பதிவு குவிஞ்சிட்டுது. நட்சத்திரத்தை வாடகைக்கு எடுக்கிறதுக்குப் பதிலா வாராவாரம் ரீவியிலை ஒராளை உருவாக்கினது. அந்த நிகழ்ச்சி முழுக்க விளம்பரம் மாதிரித்தான். ஆனா அதுக்கும் ஒரு விலை இருந்தது. வாரம் எட்டுக் காட்சி அவவுக்கு ஏலாமல் போய் ஆறாக் குறைச்சவை, மிச்ச ரெண்டையும் அதே போட்டியிலை வந்த இன்னொருத்தி பாடினா. அவ 2008இலை விலகின பிறகும் நாடகம் 2009 பெப்ரவரி வரை ஓடினது.

‘கபரே’யைப் பாருங்கோ. 2021 டிசம்பரிலை எடி ரெட்மெய்ன், ஜெசி பக்லியோடை திறந்தது. ஏறத்தாழ 600 இருக்கைதான். அவை போன பிறகும் பேர் மாறி மாறி, தெரிஞ்ச ஆக்களும் தெரியாத ஆக்களுமா, வருசக்கணக்கா ஓடினது. அதே தயாரிப்பு 2024இலை நியூயோர்க் போனது: ரெட்மெய்ன், பிறகு அடம் லம்பேர்ட், பிறகு ஓர்வில் பெக், பிறகு பில்லி போர்ட்டர். அரங்கை உடைச்சுக் கட்டினதோடை முதலீடு 2.6 கோடி டொலர். 2025 செப்ரெம்பர் 21 மூடிச்சுது, போட்ட காசு வரேல்லை. நட்சத்திரத்திலை குறையில்லை. இருக்கையும் செலவும் இரண்டு மடங்கானதுதான் வித்தியாசம் எண்டு நான் நினைக்கிறன்.

#9 ஆறாம்வரிசை

தேம்சுக்கரை சொன்ன ‘கபரே’ எனக்குக் கொஞ்சம் கண்ணைத் திறந்தது. அடுத்தடுத்துப் பெயர்களைப் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதில் ஒரு ஓட்டை தெரிகிறது: ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தவர் வரும்வரை உள்ள வாரங்கள். ரசிகர்கள் “அடுத்து யார்?” என்று காத்திருக்கப் பழகிவிடுகிறார்கள். இடைப்பட்ட வாரத்து டிக்கெட் டைம்ஸ் சதுக்கத்துப் பாதிவிலைக் கவுண்டருக்குப் போகிறது.

#10 கூடநிறைவு

அதேதான். அந்த ஓட்டையில் விழுந்ததில் என்னை மிகவும் வருத்தியது ‘நடாஷா, பியர் & தி கிரேட் காமெட் ஆஃப் 1812’. 2016 நவம்பரில் பாடகர் ஜாஷ் குரோபன் பியர் என்ற நாயக வேடத்தில் வர, இம்பீரியல் அரங்கில் திறந்தது. அரங்கையே மாற்றி, மேடைமேல் இருக்கை போட்டு, நடிகர்கள் ரசிகர் நடுவில் ஓடிப் பாடும் நாடகம். 12 டோனி விருதுப் பரிந்துரை. குரோபன் 2017 ஜூலை 2 அன்று விலகினார். ‘ஹாமில்டன்’இல் நடித்த ஓகியரீட் ஓனவோடோவன் அந்த இடத்துக்கு வந்தார், நல்ல நடிகர். டிக்கெட் ஓடவில்லை. பதற்றத்தில் அவருடைய காலத்தைச் சுருக்கி மேண்டி பட்டின்கினை அறிவித்தார்கள். கறுப்பின நடிகரை ஒதுக்கிப் பெரிய பெயருக்கு இடம் கொடுப்பதா என்று கண்டனம் எழுந்தது, பட்டின்கின் தானாகவே விலகிக்கொண்டார். செப்டம்பர் 3 கடைசிக் காட்சி. 1.4 கோடி முதலீடு திரும்பவில்லை.

குரோபன் இல்லாமல் அது பிராட்வேக்கே வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு மாதமும் விளம்பரம் அவர் முகத்தையே விற்றது. நாடகத்தின் பெயரோ ஒருமுறை கேட்டால் மனதில் நிற்காத நீளம். அவர் இருக்கும்போதே, மூன்றாம் மாதத்திலிருந்து, விளம்பரத்தை நாடகத்தின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும்: அந்தச் சிவப்பு வெல்வெட் அறை, கையில் கொடுக்கும் பியரோகி (கொழுக்கட்டை போன்ற பலகாரம்), அக்கார்டியனோடு படியில் இறங்கி வரும் ஆட்கள். பார்க்காதவர்களுக்கு அது தெரியவே இல்லை.

#11 சுருதிபேதம்

இசையமைப்பாளர் பெயரை நட்சத்திரமாக்கலாமா என்பதும் பக்கத்துக் கேள்விதான். ஸ்டிங் எழுதிய ‘தி லாஸ்ட் ஷிப்’ 2014 அக்டோபரில் திறந்தது. டிக்கெட் ஓடாததால் டிசம்பர் 9இலிருந்து அவரே மேடையேறினார். வசூல் எழுந்தது. ஜனவரி 24இல் மூடிவிட்டார்கள், அவர் போன பிறகான வாரங்களுக்கு ஆளே வாங்கவில்லை. எல்டன் ஜான் இசையமைத்த ‘டாமி ஃபே’ 2024இல் திறப்புக்குப் பின் 29 காட்சிதான்.

நமக்கு நெருக்கமான கணக்கு ரஹ்மானுடையது. ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூன் முதல் இரண்டு வருடம் லண்டன் அப்பல்லோ விக்டோரியாவில் ஓடியது, நடிகர் பெயர் ஒன்றுமில்லாமல். லண்டனில் தெற்காசிய மக்கள் தொகை பெரிது, பாட்டுகளில் பல ஏற்கெனவே தெரிந்தவை. அந்த ரசிகர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2004 ஏப்ரலில் நியூயார்க் போனபோது 1,700 இருக்கை அரங்கை வாரம் எட்டு முறை நிரப்ப அது போதவில்லை, 284 காட்சியோடு 2005 ஜனவரி 1 அன்று நின்றது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 2006 டொரண்டோவில் இன்னும் பெரிய பாடம். உலகமே அறிந்த கதை, ரஹ்மானும் ஃபின்லாந்து நாட்டுப்புற இசைக்குழு வார்ட்டினாவும் கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும் இசை, 2.8 கோடி கனடிய டாலர். மார்ச்சில் திறந்து செப்டம்பரில் மூடியது. மூன்றரை மணி நேரம், 50க்கு மேல் நடிகர்கள், தானாக ஏறி இறங்கும் மேடை. அதன் வாரச் செலவை எந்தப் பெயராலும் சுமந்திருக்க முடியாது. பெயர் இருந்தும் தோற்றது என்பார்கள். எடை தாங்காமல் தோற்றது என்பேன் நான். அந்த இசையில் எத்தனையோ நல்ல இடங்கள் உண்டு.

#12 வரவுசெலவு

சுருதிபேதம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். என் மாதிரிக் கணக்கில் ஐந்தாவது வழி ஒன்றை விட்டுவிட்டேன்: செலவைக் குறைப்பது. ‘சிக்ஸ்’ஐ எடுங்கள். மேடையில் ஆறு பேர், இசைக்கு நாலு பேர், இடைவேளை இல்லாமல் 80 நிமிடம், ஒரே செட். ‘கம் ஃப்ரம் அவே’ 12 நடிகர்கள், சில நாற்காலிகள், இரண்டு மேசை; 2017 மார்ச்சில் திறந்து அந்த வருடமே முதல் தேறியது. முதலீடு 80 லட்சம், வாரச் செலவு 5.5 லட்சம் என்று வைத்து அ-வின் அதே சுமாரான விற்பனையைப் போட்டால் வாரம் 3.43 லட்சம் மிஞ்சும், 24 வாரத்தில் முதல் திரும்பும்.

#13 பின்மேடை

ஒரு திருத்தம். சின்ன நாடகம் சின்ன அரங்கில்தான் நிற்கும். 1,300 இருக்கை விற்பனையை அதற்கு வைக்கக் கூடாது. 1,000 இருக்கை என்று போடுங்கள்.

#14 வரவுசெலவு

ஆமாம், தவறு என்னுடையது. 8,000 டிக்கெட், 90 சதவீதம், 115 டாலர்: வசூல் 8.28 லட்சம். 17 சதவீதமும் 5.5 லட்சமும் கழித்தால் 1.37 லட்சம். 58 வாரம். அப்படியும், அதே சுமாரான பேச்சுக்கு, எட்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் சொச்சம். சுற்றுப்பயணத்தில் இது இன்னும் கூடும்: வெளியூர் அரங்குகள் நாடகத்தின் பெயரைப் பார்த்துத்தான் சந்தா விற்கின்றன, லாரி எண்ணிக்கை குறைந்தால் அவர்களுக்கும் லாபம். பள்ளி, கல்லூரி, ஊர்க்குழுக்களுக்கு உரிமம் கொடுப்பதிலும் யார் முதலில் நடித்தார் என்பதற்கு மதிப்பில்லை.

#15 ஆறாம்வரிசை

ஒரு நடைமுறைச் சந்தேகம். நட்சத்திரம் அன்றைக்கு வரவில்லை என்றால் பணம் திருப்ப வேண்டுமா?

#16 பின்மேடை

பிராட்வேயில் வழக்கம் இது: நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் அச்சிடப்பட்டவர் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு நாளுக்கு மாற்றலாம். தலைப்புக்குக் கீழே பெயர் இருந்தால் அந்த உரிமை இல்லை. அதனால் பெயர் மேலேயா கீழேயா என்பது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை, கல்லா பிரச்சினை. வராமை காப்பீடு எடுக்கலாம். ஆனால் என்னென்ன காரணம் அடங்கும் என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

‘தி மியூசிக் மேன்’ முன்னோட்டக் காட்சிகளில் இரண்டு நிலையும் ஒரே வாரத்தில் வந்தன. 2021 டிசம்பர் 23 அன்று சட்டன் ஃபாஸ்டருக்குக் கொரோனா. ஸ்விங் ஆன கேத்தி வோய்ட்கோ சில மணி நேர அறிவிப்பில் நாயகியாக ஏறினார், காட்சி நடந்தது. 28ஆம் தேதி ஜாக்மனுக்கே வந்தபோது ஜனவரி 1 வரை காட்சிகளை ரத்து செய்தார்கள். ஸ்விங் என்பவர் எட்டு, ஒன்பது வேடங்களின் நிற்கும் இடம், நடக்கும் வழி, கோரஸ் குரல் எல்லாவற்றையும் தனித்தனி அட்டையில் எழுதி வைத்திருப்பவர். புதிதாகத் தயாரிப்பு தொடங்குகிறவர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது ஸ்விங் எண்ணிக்கையில்தான். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே நாளில் மூன்று பேர் காய்ச்சலில் படுத்தால், ஒரு காட்சி ரத்தில் போகும் காசு அந்த ஸ்விங்கின் பல மாதச் சம்பளம்.